நீளம் அளக்க எதை வாங்குவது? மலையகப் பட்டறைக்கு ஓர் ஒப்பீடு

விட்டத்தைத் தவறாக அளந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஷாப்ட் பெயாரிங்குக்குள் போகாது, அல்லது தொளதொளவென்று ஆடும். நீளத்தைத் தவறாக அளந்தால் எல்லாம் பொருந்தியது போலத்தான் இருக்கும். மூடியைப் பூட்டி, மோட்டாரைப் போட்டு, இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் பெயாரிங் கை வைக்க முடியாதபடி சூடாகும். அப்போதும் பழி கிரீஸ் மேல் விழும். உள்ளே உறுப்புகளுக்கு நடுவே இடைவெளி காக்கும் வளையமான ஸ்பேசர் 0.05 மி.மீ. கூடிப்போனது யார் கண்ணிலும் படாது.

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து லேத் பட்டறைகளும் தேயிலைத் தொழிற்சாலைகளின் பிட்டர் அறைகளும் நீளம் அளக்க வாங்கக்கூடியவை ஐந்து: சாதாரண வெர்னியர், டயல் வெர்னியர், டிஜிட்டல் வெர்னியர், மைக்ரோமீட்டர், ஸ்டாண்டில் பூட்டிய டயல் கேஜ். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் 150 மி.மீ. நீளமுள்ள, 0.02 மி.மீ. வாசிக்கும் நல்ல வெர்னியர். இரண்டு வாங்க முடியுமென்றால் இரண்டாவது டயல் கேஜும் ஸ்டாண்டும். பெரும்பாலான பட்டறைகள் இரண்டாவதாக வாங்குவது மைக்ரோமீட்டரைத்தான். விட்டத்துக்கு அது சரி. நீளத்துக்கு ஏன் சரியில்லை என்பதைக் கீழே பார்க்கலாம்.

எங்கிருந்து எதுவரை

கருவியைத் தெரிவு செய்வதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அந்த உறுப்பு இயந்திரத்துக்குள் எந்த இடத்தில் தொட்டு நிற்கிறது? அளக்க வேண்டிய நீளம் அந்தத் தொடும் இடங்களுக்கு இடைப்பட்டதுதான். நுனிக்கு நுனி பிடித்து அளப்பது பல வேளைகளில் யாருக்கும் பயன்படாத எண்ணைத் தரும்.

எஞ்சின் வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். அது சீட்டில் உட்காருவது 45 பாகை சரிந்த முகத்தில். அந்தச் சரிவை உரைத்துப் புதுப்பிக்கும்போது, முகத்துக்குச் செங்குத்தாக 0.1 மி.மீ. போனால், வால்வு சீட்டுக்குள் 0.14 மி.மீ. அமிழும், தண்டின் முனை அதே அளவு உயரும், டெப்பட் இடைவெளி (வால்வுத் தண்டின் முனைக்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் நடுவே விடும் இடம்) குறையும். ஆனால் தலையின் தட்டையான முகத்திலிருந்து தண்டு முனை வரை வெர்னியர் பிடித்தால், உரைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே எண்தான் வரும். அளவு சரியாகவே எடுக்கப்பட்டது. எடுத்த இடம்தான் பிழை.

துப்பாக்கித் தோட்டாக்களைக் கையால் மறுபடி நிரப்புவது பொழுதுபோக்காக இருக்கும் நாடுகளிலும் இதே சிக்கல் உண்டு. ரவையின் கூர்முனை ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். அதனால் தோட்டாவின் அடியிலிருந்து கூர்முனை வரை அளந்தால், ஒரே அமைப்பில் செய்த பத்துத் தோட்டாவுக்குப் பத்து எண் வரும். குழலின் வரித்தடம் ரவையைத் தொடுவது கூர்முனைக்குக் கீழே, வளைவு முழு விட்டத்தை நெருங்கும் இடத்தில். ஆகவே அங்கே உட்காரும் ஒரு துளைவளையத்தை வெர்னியரின் தாடையில் பூட்டி, அடியிலிருந்து அந்த வளையம் வரை அளக்கிறார்கள். நம் ஊரில் அந்த வேலைக்கு இடமில்லை. வளையத்தின் தந்திரம் மட்டும் வால்வுக்கும் கூம்பு ஊசிக்கும் (டேப்பர் பின்) அப்படியே பொருந்தும்.

லேத்தில் கடைந்த ஷாப்டுகளில் வேறொரு பொறி இருக்கிறது. முகத்தின் நடுவே சென்டர் துளை போட்டபோது எழுந்த பிசிர் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை மேலே நிற்கலாம். வெர்னியரின் தாடை அதன் மேல் உட்கார்ந்தால் ஷாப்ட் நீண்டுவிட்டதாகக் காட்டும். அளக்கும் முன் எண்ணெய்க் கல்லால் ஒருமுறை தேய்த்துவிட வேண்டும். அரம் வேண்டாம், அது முகத்தையே சாய்க்கும்.

வெர்னியர்

0.02 வெர்னியரில் 49 மி.மீ. நீளம் 50 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 0.05 வெர்னியரில் 20 பிரிவுகள். வாங்குவதானால் 0.02 தான். ஆனால் 0.02 வாசிக்கிறது என்பதால் 0.02 சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழகிய கையில், சுத்தமான தாடையில், 0.03 மி.மீ. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. பழகாத கையில் 0.1 கூடப் போகும்.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அளவுகோல் ஒரு கோட்டில், அளக்கும் பொருள் அதற்குக் கீழே வேறொரு கோட்டில். நகரும் தாடையை அழுத்தினால் அது சற்றே சாயும். பொருள் தாடையின் நுனியில் இருக்க இருக்கச் சாய்வின் பிழை கூடும். அளக்கும் கோடும் அளவுகோலும் ஒரே நேரில் இருக்க வேண்டும் என்று ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் அபே 1890இல் சொன்ன விதி இதைப் பற்றியதுதான். வெர்னியர் அந்த விதியை மீறும், மைக்ரோமீட்டர் மீறாது. ஆகையால் பொருளைத் தாடையின் அடிப்பக்கத்தில், கோலுக்கு மிக அருகில் வைத்துப் பிடியுங்கள். அடிப்பக்கத்தில் முகங்கள் சந்திக்கும் இடத்தில் சிறு வெட்டு இருக்கும். அதைத் தாண்டியவுடன் வைத்தால் போதும்.

அளக்கும் ஒழுங்கு இது. தாடைகளுக்கு இடையே ஒரு சுத்தமான தாளை வைத்து மெல்ல மூடி, தாளை இழுத்தெடுங்கள். தூசி அதோடு வந்துவிடும். மூடிய தாடைகளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நுனியில் மட்டும் ஒளிக்கீற்று தெரிந்தால் தாடை தேய்ந்திருக்கிறது, அல்லது ஸ்லைடின் மேலுள்ள இரண்டு சின்ன ஸ்க்ரூகள் தளர்ந்திருக்கின்றன. பூச்சியம் சரியாக வருகிறதா என்று பாருங்கள். பிறகு பொருளைப் பிடித்து, தாடையை விரல் பலத்தில் மட்டும் தள்ளி, பொருளைச் சற்றே அசைத்து மிகக் குறைந்த எண் எங்கே வருகிறதோ அதை வாசியுங்கள். பிடித்திருக்கும்போதே வாசிப்பது நல்லது. பூட்டு ஸ்க்ரூவை இறுக்கி, வெளியே எடுத்து வாசிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. இறுக்கும்போதே ஸ்லைட் சாயும், எடுக்கும்போது தாடை உரசித் தேயும்.

வெர்னியரின் வாலில் நீளும் ஆழக்கம்பியைப் பற்றி ஒரே வார்த்தை: நம்பாதீர்கள். கோலின் முனை மிகக் குறுகிய அடித்தளம். அரைப் பாகை சாய்ந்தாலும் கை உணராது. ஹவுசிங்கின் ஆழத்தை அளக்க வேண்டியிருந்தால் டெப்த் மைக்ரோமீட்டரைக் கடன் வாங்குங்கள். அதிலும் திம்பிளை (அளவு குறித்த திருகு உருளையை) வேகமாகத் திருப்பினால் கம்பி தரையைத் தள்ளி அடிப்பாகம் மேலெழும். இடது கையால் அடிப்பாகத்தை அழுத்திப் பிடித்தபடி ரெட்செட்டை (அழுத்தம் கூடினால் கிளிக் என்று வழுக்கும் முனைக்குமிழை) மட்டும் திருப்ப வேண்டும்.

டயல், டிஜிட்டல்

டயல் வெர்னியர் வாசிக்கச் சுகமானது. மங்கலான வெளிச்சத்திலும் முள் தெரியும். ஆனால் அதன் உயிர் கோல் நெடுக ஓடும் நுண்ணிய பல்வரிசையில் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் பறக்கும் நாரும் தூளும் அந்தப் பற்களில் தங்கினால், சிறு சக்கரம் ஒரு பல்லைத் தாண்டிக் குதித்துவிடும். அதன் பிறகு பூச்சியம் வேறெங்கோ நிற்கும். சலிக்கும் அறைக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம்.

டிஜிட்டலில் பற்கள் இல்லை. கோலின் மேல் ஒட்டிய பட்டையின் கீழே மின்தகட்டு வடிவங்கள் இருக்கும்; நகரும் பகுதி மின்தேக்கத்தின் மாறுதலைக் கொண்டு இடத்தைக் கணக்கிடும். தூசியை அது பொறுத்துக்கொள்ளும், ஈரத்தைப் பொறுக்காது. மலையகத்தில் இது சின்ன விஷயமல்ல. குளிர்ந்த ஸ்டோர் அறையின் மேசையில் இரவெல்லாம் கிடந்த டிஜிட்டலைக் காலையில் ஈரப்பதம் கூடிய ரோலர் அறைக்கோ நொதிக்கும் அறைக்கோ கொண்டுபோனால், கண்ணாடி அணிந்தவருக்கு மூக்குக்கண்ணாடி மங்குவது போலக் கோலின் மேலும் நீர் படியும். எண்கள் குதிக்கும், அல்லது நகர்த்தினாலும் அசையாமல் நிற்கும். கூலண்ட் ஒழுகும் லேத்திலும் இதே கதைதான். நீரும் தூசியும் புகாத தரம் என்பதற்கு ஐபி67 என்று குறித்த வகை இதைத் தாங்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

பெட்டரியும் ஒரு காரணம். பெரும்பாலானவை எல்ஆர்44 அளவுப் பொத்தான் பெட்டரியை எடுக்கும். அதே அளவில் எஸ்ஆர்44 என்ற சில்வர் ஒக்சைட் வகை கிடைத்தால் அதைப் போடுங்கள். எல்ஆர்44இன் மின்னழுத்தம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். எஸ்ஆர்44 கடைசி வரை 1.55 வோல்ட்டை ஒட்டி நின்று சட்டென்று தீரும். விலை குறைந்த டிஜிட்டல்கள் திரையை அணைத்த பிறகும் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எண்கள் மினுங்கத் தொடங்கினால் முதலில் பெட்டரியைச் சந்தேகியுங்கள்.

இத்தனை குறைகளுக்கு நடுவே டிஜிட்டலுக்கு இரண்டு பலங்கள் உண்டு. ஒன்று, எந்த இடத்திலும் பூச்சியம் போடலாம். சரியான ஸ்பேசரைப் பிடித்துப் பூச்சியம் அழுத்திவிட்டால், அடுத்ததைப் பிடிக்கும்போது கூடுதலோ குறைவோ நேராகத் திரையில் வரும். கழித்தல் கணக்கில்லை, அவசரத்தில் 37ஐ 38 என்று வாசிக்கும் தவறும் இல்லை. மற்றது, ஒரு பொத்தானில் அங்குலத்துக்கு மாறுவது. பழைய தேயிலை இயந்திரங்களான மார்ஷல் ரோலரும் சிரோக்கோ உலர்த்தியும் அங்குலக் கணக்கில் பிறந்தவை. 1 7/16 அங்குல ஸ்பேசரை மில்லிமீட்டரில் அளந்தால் 36.51 வரும். பழக்கமில்லாதவர் தேய்ந்த 37 என்று முடிவுகட்டி 37க்குக் கடைந்துவிடுவார். ஒரு நூல் (எட்டில் ஓர் அங்குலம்) 3.175 மி.மீ., ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; பழைய இயந்திரத்தின் உறுப்பு மில்லிமீட்டரில் ஒற்றைப்படையான எண் தந்தால், கடைவதற்கு முன் அங்குலத்தில் ஒருமுறை பாருங்கள். அதே பொத்தான் கைபட்டு மாறிவிடுவதும் உண்டு. 25 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 0.984 என்று வந்தால் கருவி கெடவில்லை.

மைக்ரோமீட்டர்

மைக்ரோமீட்டரின் திருகுக்கு 0.5 மி.மீ. புரி, திம்பிளில் 50 பிரிவு, ஒரு பிரிவு 0.01 மி.மீ. ரெட்செட் இருப்பதால் யார் பிடித்தாலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றே. 25 மி.மீ.க்கு உட்பட்ட ஷிம் (இடைவெளி நிரப்பும் தகடு), வொஷர், மெல்லிய ஸ்பேசர் ஆகியவற்றுக்கு இதைவிட நல்லது இல்லை. ரெட்செட்டை மெல்லத் திருப்பி மூன்று கிளிக் கேட்டதும் நிறுத்துங்கள். வேகமாகச் சுழற்றினால் திருகின் உந்துதலே 0.01 அழுத்திவிடும்.

நீளத்துக்கு இது ஏன் இரண்டாவது தெரிவாகவில்லை? ஒரு மைக்ரோமீட்டர் 25 மி.மீ. வீச்சை மட்டுமே அளக்கும். 63.5 மி.மீ. ஸ்பேசருக்கு 50–75 வேண்டும், 90 மி.மீ. உறுப்புக்கு 75–100 வேண்டும். நீள வேலை 10 மி.மீ. ஷிம்மிலிருந்து 120 மி.மீ. புஷ் (நடுவே துளையுள்ள உருளை) வரை போகும். அதற்கு ஐந்து மைக்ரோமீட்டரும், 0–25க்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் பார்க்கும் ஒரு தண்டும் தேவை. இன்னொன்று, அதன் முகங்கள் தட்டை. கூம்பு முகத்தையோ படிபோல் கடைந்த உறுப்பின் உள்முகத்தையோ அவை தொடா. தொட வேண்டிய இடத்தைத் தொட முடியாத கருவி எத்தனை நுட்பமாக வாசித்தாலும் என்ன பயன்?

டயல் கேஜும் ஸ்டாண்டும்

நீள வேலையில் பெரும்பகுதிக்கு ‘இது எத்தனை மில்லிமீட்டர்’ என்பது தேவையில்லை. ‘இது அதைவிட எவ்வளவு கூட’ என்பதே தேவை. ஒரே ஷாப்டில் அடுத்தடுத்து இரண்டு பெயாரிங் போட்டு, நடுவே உள்வளையங்களுக்கு ஒரு ஸ்பேசரும் வெளிவளையங்களுக்கு ஒரு ஸ்பேசரும் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை 40.00 ஆனாலும் 40.20 ஆனாலும் பரவாயில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று 0.01க்குள் சமமாக இருக்க வேண்டும். ஒன்று 0.03 கூடினால், மூடியை இறுக்கும்போது ஒரு வளையம் மற்றதை விட்டுப் பக்கவாட்டில் இழுபடும், குண்டுகள் தேவையில்லாத சுமையோடு ஓடும். 0.03 பிசகக்கூடிய வெர்னியரால் இதைப் பிரித்தறிய முடியாது. டயல் கேஜ் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

வேண்டியவை: 0.01 மி.மீ. வாசிக்கும், 10 மி.மீ. ஓட்டமுள்ள டயல் கேஜ் ஒன்று, தடித்த தூணும் குட்டையான கையும் உள்ள ஸ்டாண்ட், தட்டையான தளம். தளத்துக்குக் கிரனைட் பலகை சிறந்தது. இல்லாவிட்டால் 10 அல்லது 12 மி.மீ. தடித்த கண்ணாடித் துண்டு, உள்ளங்கையளவு, ஒரே சீரான மேசையில் வைத்தால் இந்த வேலைக்குப் போதும். காந்த அடிப்பாகம் கிரனைட்டிலும் கண்ணாடியிலும் ஒட்டாது என்பதை வாங்கிய பிறகு கண்டுபிடிக்காதீர்கள். அப்படியானால் தன் கனத்திலேயே நிற்கும் இரும்பு அடி கொண்ட ஸ்டாண்டை வாங்குங்கள், அல்லது ஓர் இரும்புத் தட்டின் மேல் காந்தத்தையும் கண்ணாடியையும் சேர்த்து வையுங்கள். கை நீள நீள வளைவு கூடும். தூணிலிருந்து 100 மி.மீ.க்குள் வைத்துக்கொள்வது நல்லது.

கேஜின் கழுத்து 8 மி.மீ. அதைப் பிடிக்கும் கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கினால் உள்ளே மேலும் கீழும் ஓடும் அளவுக்கம்பி சிக்கும். முள் மேலே போகும், திரும்பி வர மறுக்கும். கம்பிக்கு ஒயில் போடக்கூடாது. ஒயிலில் தேயிலைத் தூள் ஒட்டிப் பசையாகும். கம்பி தளத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும்; 10 பாகை சாய்ந்தால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.015 கூடுதலாகக் காட்டும். சிறிய வேறுபாட்டில் அது தெரியாது, 2 மி.மீ. வேறுபாட்டில் தெரியும். தட்டையான முகத்தை அளக்கக் குண்டுமுனை, உருண்டை முனையுள்ள உறுப்பை அளக்கத் தட்டைமுனை.

சரியென்று ஒப்புக்கொண்ட ஓர் உறுப்பைத் தளத்தில் நிறுத்தி, முள் ஒரு முழுச்சுற்றுச் சுற்றும் வரை கேஜைக் கீழே இறக்குங்கள். அது 1 மி.மீ. அழுத்தம். அப்போதுதான் குட்டையான உறுப்பு வந்தாலும் முனை தொட்டுக்கொண்டிருக்கும். தூணின் ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு முகப்பைத் திருப்பிப் பூச்சியம் போடுங்கள். இறுக்குவதற்கு முன் போட்டால் இறுக்கும்போது மாறிவிடும். கம்பியை விரலால் தூக்கி மூன்றுமுறை விடுங்கள். மூன்றுமுறையும் பூச்சியத்துக்குத் திரும்பாவிட்டால் எங்கோ ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. இனி ஒவ்வோர் உறுப்பையும் கம்பியைத் தூக்கிப் பிடித்து உள்ளே தள்ளுங்கள், பக்கவாட்டில் முட்டித் தள்ளாதீர்கள். ஒவ்வொன்றையும் சுற்றி நான்கு இடங்களில் வாசியுங்கள். நான்கும் வேறுபட்டால் நீளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் முகம் சாய்ந்திருப்பதைத் திருத்த வேண்டும். பத்து உறுப்புக்கு ஒருமுறை முதல் உறுப்பை மறுபடி வைத்துப் பூச்சியம் பாருங்கள்.

இனி வால்வுக்கு வருவோம். தண்டைவிடத் துளை பெரிதான, தண்டைவிட நீளம் 5 மி.மீ. குறைந்த ஒரு புஷ்ஷைக் கடையுங்கள். கீழ்முனைத் துளையின் விட்டம் வால்வின் சரிந்த முகத்தின் நடுவில் உட்காரும் அளவு. அந்த விளிம்பு கூராக இருக்க வேண்டும். வழக்கம்போலக் கை தானாக அதைச் சாய்த்துவிடும், தடுத்துக்கொள்ளுங்கள். வால்வைத் தலைகீழாகத் தளத்தில் நிறுத்தி, புஷ்ஷைத் தண்டின் மேல் இறக்கினால், அது சரிந்த முகத்தில் தானாகவே நடுவில் உட்காரும். புஷ்ஷின் மேல்முகத்தையும் தண்டு முனையையும் டயல் கேஜால் தொட்டால் இடைப்பட்ட 5 மி.மீ. சொச்சம் கிடைக்கும். புது வால்வில் ஒன்று, உரைத்த வால்வில் ஒன்று. இரண்டின் வேறுபாடே தண்டு உயர்ந்த அளவு. மேல்முகத்தை எதிரெதிரே இரண்டு இடங்களில் வாசித்துச் சராசரி எடுத்தால் புஷ்ஷின் சின்னச் சாய்வும் கழிந்துவிடும்.

புஷ்ஷின் துளை எத்தனை என்பது முக்கியமில்லை, எல்லா வால்வுக்கும் ஒரே புஷ் என்பதே முக்கியம். 45 பாகையில் துளை 0.05 மி.மீ. பெரிதானால் புஷ் 0.025 இறங்கும். வேறு புஷ்ஷால் எடுத்த எண்ணோடு ஒப்பிடவே கூடாது. புஷ்ஷில் ஓர் எண்ணைப் பொறித்து, அந்த எண்ணோடு சேர்த்தே அளவைக் குறியுங்கள். கூம்பு ஊசியில் இது இன்னும் கடுமை. 1:50 சரிவுள்ள ஊசியில் துளை 0.02 மி.மீ. பெரிதானால் ஊசி 1 மி.மீ. உள்ளே போகும். பழைய அங்குல ஊசிகளுக்குச் சரிவு 1:48. மில்லிமீட்டர் ரீமர் போட்ட துளையில் அவற்றை அடித்தால் ஒரு முனை மட்டுமே பிடிக்கும், சில நாளில் தளரும்.

டயல் கேஜ் ஒன்றை மட்டும் செய்யாது: தனியாக முழு நீளத்தைச் சொல்லாது. ஒப்பிட ஓர் உறுப்பு வேண்டும். கேஜ் பிளொக் (நீளம் துல்லியமாகத் தெரிந்த கட்டிகள்) பெட்டி இருந்தால் அதை அடுக்கி எந்த நீளத்தையும் உண்டாக்கலாம். சின்னப் பட்டறைக்கு அது கட்டுப்படியாகாது. வெர்னியரால் ஒரு மாதிரி உறுப்பைக் கவனமாக அளந்து, அதைப் பெட்டியில் பாதுகாப்பதே நடைமுறை. இதனால்தான் வெர்னியர் முதல் இடத்திலும் டயல் கேஜ் இரண்டாம் இடத்திலும் வருகின்றன.

வெர்னியரைச் சரிபார்க்கக் கைவசமுள்ள ஒரு பொருள்: உறை பிரிக்காத, போலியில்லாத 6205 பெயாரிங். அதன் வெளிவிட்டம் 52 மி.மீ.; சாதாரண வகுப்பிலேயே 0 முதல் 0.013 மி.மீ. வரை மட்டுமே குறையலாம். துளை 25 மி.மீ.; 0 முதல் 0.010 வரை குறையலாம். வெளித்தாடைக்கு 52, உள்தாடைக்கு 25. வெர்னியர் 52.06 காட்டினால் பிழை பெயாரிங்கில் இல்லை. அகலம் 15 மி.மீ. என்றிருப்பதைப் பயன்படுத்தாதீர்கள், அது 0.12 மி.மீ. வரை குறையலாம். இரண்டு பெயாரிங்குகளின் அகலம் சமமாக இருக்கும் என்று நம்பி ஷிம் போடுவதும் இதே காரணத்தால் தவறு. சான்றிதழோடு அளவு சரிபார்க்க வேண்டிய தொழிற்சாலைகளுக்கு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் இருக்கிறது.

சூடும் குளிரும்

அளவுகளெல்லாம் 20 பாகை செல்சியஸுக்குச் சொல்லப்படுபவை. நுவரெலியாவின் சராசரி 16 பாகையை ஒட்டியது என்பதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. வெர்னியரும் உருக்கு, உறுப்பும் உருக்கு. இரண்டும் சேர்ந்தே சுருங்கும். அலுமினிய உறுப்பென்றாலும் 100 மி.மீ.க்கு 4 பாகை வித்தியாசம் 0.005 மி.மீ. தான். உண்மையான தொல்லை, உறுப்பும் கருவியும் வேறு வேறு சூட்டில் இருப்பது. 90 பாகைக் காற்று ஓடும் உலர்த்தியின் பக்கத்திலிருந்து கழற்றிய 100 மி.மீ. ஸ்பேசர் 45 பாகையில் இருக்க, வெர்னியர் 18 பாகையில் இருந்தால், ஸ்பேசர் 0.03 மி.மீ. நீண்டு தெரியும். லேத்தில் அப்போதுதான் கடைந்து முடித்ததும் அப்படியே. இரண்டையும் ஒரே இரும்பு மேசையில் அருகருகே வைத்துவிட்டுத் தேநீர் குடித்து வாருங்கள். கடைந்தவுடன் தண்ணீரில் முக்கி அளப்பது வேண்டாம். மேல்பரப்புக் குளிரும், உள்ளே சூடு இருக்கும்.

எந்தக் கருவியை வாங்கினாலும் முதல் நாளில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே உறுப்பைப் பத்துமுறை, ஒவ்வொரு முறையும் கையிலிருந்து வைத்துவிட்டு எடுத்து, அளந்து எழுதுங்கள். மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறியதைக் கழியுங்கள். அதே கருவியால் இன்னொருவரையும் பத்துமுறை அளக்கச் சொல்லுங்கள். கிடைக்கும் வித்தியாசம் வேலையில் அனுமதிக்கப்பட்ட பிசகில் கால்பங்குக்கு மேல் போனால், அந்த வேலைக்கு அந்தக் கருவி போதாது, அல்லது அந்தக் கை இன்னும் பழக வேண்டும். கடையில் பேரம் பேசும்போது இது நினைவிருக்கட்டும்: பிரபல பெயர் பொறித்த போலிகள் ஏராளம். தாடைகளை மூடி ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதைக் கடைக்காரர் தடுத்தால் அங்கே வாங்காதீர்கள்.

வைப்பிடத்தைப் பொறுத்தவரை, மூடுபனி நாட்களில் மரப்பெட்டி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியும் உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலமும் மேல். தேயிலைத் தூள் ஈரத்தை உறிஞ்சும். தாடையில் அது படிந்து ஒரு வாரம் கிடந்தால் அந்த இடத்தில் துருப்புள்ளி விழும், துடைத்தாலும் பள்ளம் நிற்கும். வியர்வைக் கைரேகையும் அப்படித்தான். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, மெல்லிய ஸ்பிண்டில் ஒயிலைத் தடவுங்கள். அடுத்த முறை அளக்கும் முன் அதையும் துடையுங்கள், ஒயில் படலமும் தடிப்புத்தான். வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் முகங்கள் ஒட்டாதபடி 1 மி.மீ. திறந்து வையுங்கள். டயல் கேஜை ஸ்டாண்டிலேயே விட்டுப் போவதானால் கம்பியில் எதுவும் அழுத்தாதபடி கையை மேலே உயர்த்தி, பூட்டு ஸ்க்ரூவை இறுக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் கை இரவில் மெல்லச் சரிந்து கண்ணாடியில் மோதும். நீண்ட விடுமுறைக்குப் பூட்டிப் போகும்போது டிஜிட்டலின் பெட்டரியைக் கழற்றி, அதே பெட்டியின் மூலையில் போட்டுவிடுங்கள்.